பதினோராவது கேப்டன்

துறைமுகத்தில் வந்து கட்டிய பிறகும் கப்பலின் இன்ஜின் நிற்பதில்லை. உள்ளே விளக்கு எரிய வேண்டும், பம்பு ஓட வேண்டும், குளிர்பெட்டியில் இருக்கும் மீன் கெடாமல் இருக்க வேண்டும். அதற்காக நாள் முழுக்க டீசல் எரியும். புகை மொத்தமும் பின்னால் இருக்கும் மீனவர் தெருவுக்குப் போகும்.

அந்தப் புகையை நிறுத்தத்தான் துறைமுக இன்ஜினியர் சங்கரபாண்டியன் நான்கு வருடம் நாயாய் அலைந்து, கரையிலிருந்தே கப்பலுக்கு மின்சாரம் கொடுக்க ஏற்பாடு செய்தார். கேபிளை மாட்டினால் போதும், இன்ஜினை அணைத்துவிடலாம். பத்துக் கப்பல்கள் வந்தன. பத்து கேப்டன்களும் டீ குடித்தார்கள், திட்டத்தைப் பாராட்டினார்கள், கேபிளை மாட்ட மட்டும் மறுத்துவிட்டார்கள்.

பதினோராவது கப்பல் இன்று மத்தியானம் வருகிறது. இதுவும் மறுத்தால் எல்லாவற்றையும் கழற்றிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சங்கரபாண்டியனுக்குக் காலையில் தின்ற இரண்டு இட்லியும் நெஞ்சிலேயே நின்றன. எழுந்து உலகம்மாளைப் பார்க்கப் போனார்.

உலகம்மாள் அவருடைய குரு. அவரைவிடப் பதினொரு வயது இளையவர். மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், ஒரு நாள் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தியானத்தில் உட்கார்ந்துவிட்டார். ஞானம் வந்ததா என்று யாராவது கேட்டால், பென்ஷன் வரவில்லை என்பார்.

"கேப்டன் மனசை எப்படிம்மா மாத்த?" என்றார் சங்கரபாண்டியன்.

"அவங்க என்ன சொல்லுதாங்க?"

"இன்ஜினை நிறுத்திட்டு நம்ம கரண்டுக்கு மாறும்போது ஒரு நிமிஷம் கப்பல் முழுக்க கரண்டு இருக்காது. அதுக்குள்ள உங்க கரண்டு வரலைன்னா என்ன செய்யன்னு கேக்குதாங்க. வராம எங்க போயிரும்? தனி லைன் இழுத்திருக்கேன். வீண் பயம்மா."

"வாங்க அண்ணாச்சி, உங்க இடத்தைப் பாப்போம்."

இருவரும் துறைமுகத்துக்குள் நடந்தார்கள். கட்டுப்பாட்டு அறைக்குப் பின்னால் ஒரு டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. உலகம்மாள் அங்கேயே நின்றுவிட்டார்.

"இது எதுக்கு ஓடுது?"

"கண்ட்ரோல் ரூமுக்கும்மா. கப்பல் வர்றது போறது எல்லாம் அங்கருந்துதான் பாக்குதோம்."

"உங்க லைன் இங்க வரலையா?"

"வருது. ஒருக்கா மழையில கரண்டு போச்சு. அன்னையிலருந்து இதுலதான் ஓட்டுதோம்."

"எத்தனை நாளா?"

"மூணு வருஷமா."

தினமும் அவர் இந்த வழியாகத்தான் போகிறார். புகையில் சுவர் கறுத்துப்போனதால் இரண்டு முறை வெள்ளையடிக்கக்கூடச் சொல்லியிருக்கிறார்.

"இதை அணைச்சிட்டு லைனுக்கு மாறுங்க," என்றார் உலகம்மாள்.

சங்கரபாண்டியன் அறைக்குள் போய், துறைமுகக் கால்வாயில் கப்பல் எதுவும் வரவில்லை என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு வந்தார். சுவிட்சில் கை வைத்தார். பயமாக இருந்தது. சொல்லிக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

"எல்லாத் திரையும் அணைஞ்சிரும்மா."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம்."

"நீங்க இழுத்த லைன்தானே?"

"நான் இழுத்ததுதான்." கை சுவிட்சிலேயே இருந்தது. "வரலைன்னா?"

உலகம்மாள் சிரிக்கவில்லை.

"கையை எடுங்க அண்ணாச்சி. மத்தியானம் அந்தக் கேப்டனை இங்க கூட்டிட்டு வாங்க. அவர் கண்ணு முன்னால அணைங்க."

சங்கரபாண்டியன் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

"அவர் முன்னால அணைச்சு, கரண்டு வரலைன்னா?"

"அவர் பயப்படுதது நியாயம்னு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிரும்."