மண்ணுக்குள் போன இரண்டு மரவட்டைகள்

முதலில் கெடுதல் செய்தவன் தீர்த்தகிரி. அதை எழுதிவிட்டுத்தான் மரவட்டைக்கு வரவேண்டும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், எங்கள் மடத்துக் குருபூஜை அன்று, இருநூறு பேர் உட்கார்ந்திருந்த பந்தியில், படையலுக்கு முன்பே நான் பொங்கலில் கை வைத்துத் தின்றதாகச் சொன்னான். குண்டாவில் பள்ளம் இருந்தது உண்மை. பள்ளம் பறித்தது அவன். அவன் மீசையில் நெய் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அவன் சமையல்கட்டுக்குப் பெரியவன். நான் வாசல் கூட்டுகிறவன். யார் பேச்சு எடுபடும்?

எங்கள் மடம் சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. ஐயாதான் குரு. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் காலையில் அவரிடம் கேட்டேன்.

"ஐயா, கெடுதல் பண்ணினவன் வாயால, 'நான்தான் பண்ணினேன்'னு வரவைக்கிறது எப்படி?"

அப்போது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மலைமேல் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர், தோட்டத்தை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறார். கண்ணாடிப் பெட்டி ஒன்றை இறக்கி வைத்தார். உள்ளே இரண்டு மரவட்டைகள். சாண் நீளம், கட்டைவிரல் தடிமன். அவர் ஆசையாக வளர்த்தவை.

"அண்ணே, இதை நீங்க பாத்துக்குங்க" என்றார் ஐயா.

"நான் கேட்டதுக்குப் பதில்?"

"முதல்ல இதுக்கு என்ன தீனின்னு கேட்டுக்குங்க. அவர் கிளம்பறார்."

தோட்டக்காரர் சொன்னார். மக்கிய இலை, உளுத்த கட்டை, சாண் ஆழத்துக்கு ஈர மண். ஓடு கெட்டிப்பட முட்டை ஓடு, இல்லாவிட்டால் கடல் நுரை. கடைசியாக ஒன்று சொன்னார்.

"மண்ணுக்குள்ள போயிடுச்சுன்னா தோண்டாதீங்க. தோல் உரிக்கப் போயிருக்கும். அப்ப உடம்பு வெண்ணெய் மாதிரி. விரல் பட்டாலே போச்சு. செத்துட்டுதுன்னு தோணும். தோணட்டும்."

நான் என் அறிவைக் காட்டினேன். பெட்டியில் இருந்த மக்கலை அழுக்கு என்று கொட்டினேன். கண்ணாடியைத் துடைத்து, பச்சை வேப்பிலை பரப்பினேன். மடத்தில் அரிசி மூட்டை, துணிப் பெட்டி எல்லாவற்றிலும் அதைத்தான் போடுவோம்.

மரவட்டைகள் இரண்டும் மூடியில் ஏறித் தொங்கின. கீழே இறங்கவே இல்லை.

ஐயா வந்து பார்த்தார்.

"அண்ணே, அரிசியில வேப்பிலை எதுக்குப் போடறோம்?"

"பூச்சி அண்டாம இருக்கறதுக்கு..."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. ஐயா சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டார்.

மரவட்டைகளைப் பிடித்து எடுத்தேன். சுருண்டுகொண்டு பழுப்பாக எதையோ கக்கின. விரலெல்லாம் கறை. நாற்றம் வேறு. சோப்பு போட்டும் போகவில்லை.

தீர்த்தகிரி கரண்டியோடு எட்டிப் பார்த்தான்.

"என்ன அங்கமுத்து, கை கறுத்துப்போச்சா? படையலைத் தொட்ட கைதானே. ஏத்த கறைதான்."

பின்பக்கம் போனேன். இருபது வருஷமாக நான் கூட்டித் தள்ளிய சருகு அங்கே மலையாகக் கிடந்தது. மேலே காய்ந்திருந்தது. கிளறினால் அடியில் காப்பித்தூள் மாதிரி மக்கியிருந்தது. மா இலை, பலா இலை, உளுத்த மாங்கட்டை. கூடை கூடையாக அள்ளி வந்தேன். மரவட்டைகள் இறங்கின. முகத்தைப் புதைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தன. என் குப்பையை அப்படி மதித்துச் சாப்பிட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை.

மடத்துக்குள் முட்டை ஓடு வராது. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை வாங்கி வைத்தேன். பெயர்தான் நுரை. அது கணவாயின் ஓடு. தீர்த்தகிரி தினமும் பல் தேய்க்கிற பொடியிலும் அதுதான். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டு நாள் நன்றாகப் போயிற்று. பதின்மூன்றாம் நாள் ஒன்றைக் காணோம். மறுநாள் இன்னொன்றையும் காணோம். மண்தான் இருந்தது. தினமும் காலையில் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்தேன். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. மண் மண்ணாகவே இருந்தது.

பெட்டி வந்த முப்பதாம் நாள் தீர்த்தகிரி கையில் களைக்கொத்தோடு வந்தான். கூடவே நாலைந்து பேர்.

"செத்த பூச்சிக்குத் தினம் தண்ணி ஊத்தறான், பாருங்க. குருபூஜை வருது. இந்தத் தீட்டை வெளியே கொட்டணும்."

"சாகல" என்றேன்.

"அப்ப தோண்டிக் காட்டு."

"தோண்ட மாட்டேன்."

"அன்னிக்குப் பொங்கல்ல பள்ளம் தோண்டத் தெரிஞ்சுது, இன்னிக்கு மண்ணுல தெரியலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. கொத்தைப் பிடுங்கினேன். மண்ணில் வைத்தேன். ஒரு அழுத்து போதும். உயிரோடு இருப்பதை அவன் முகத்துக்கு நேரே காட்டிவிடலாம்.

காட்டினால் அது உயிரோடு இருக்காது.

கொத்தைக் கீழே வைத்தேன்.

"தீர்த்தகிரி, இது உயிரோட வந்தா, பந்தியில எல்லார் முன்னாலயும் உண்மையச் சொல்றியா? யார் கை வெச்சதுன்னு?"

"வரட்டும். சொல்றேன்."

"வரலன்னா விளக்குமாத்த வெச்சுட்டு நான் மடத்தை விட்டே போறேன்."

ஐயா தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

குருபூஜை அன்று காலை தண்ணீர் தெளிக்கப் போனேன். போகும்போதே என் துணிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் போனேன்.

மண்ணில் ஒரு விரிசல். விரிசலில் இரண்டு மீசை ஆடிற்று. பிறகு தலை. பிறகு உடம்பு வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. போனதைவிடத் தடிமன். எண்ணெய் தேய்த்த கறுப்பு. பூஜைமணி அடிக்கும் முன் இரண்டாவதும் வந்தது.

செய்தி பரவிற்று. பந்திக்கு நிற்கவேண்டிய வரிசை பெட்டிக்கு முன்னால் நின்றது.

"உரிச்ச தோல் எங்கே அண்ணா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

"அதுவே தின்னுடுமாம்மா. மிச்சம் வைக்காது."

"யார் வளர்க்கறது?"

"நான்தான்" என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

வரிசையில் தீர்த்தகிரியும் வந்தான். குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். வேர்த்திருந்தது.

"பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"சொல்றியா?"

வாயைத் திறந்தான். ஏதோ வரப்போகிற மாதிரி இருந்தது. மூடிக்கொண்டான்.

"பொங்கல் அடிப்பிடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் ஐயாவிடம் ஓடினேன். வாக்குக் கொடுத்தவன் அவன். ஜெயித்தவன் நான்.

"ஐயா, அவன் சொல்லல. இப்பவே பந்தி நடுவுல நிறுத்திக் கேட்டுடறேன்."

"எத்தனை நாள் தோண்டாம இருந்தீங்க, அண்ணே?"

"இருபத்தெட்டு நாள்."

ஐயா சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார். தீர்த்தகிரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"அவரும் உள்ளதான் இருக்கார்."

"ஒன்பது வருஷமாச்சு, ஐயா!"

"பெரிய உடம்பு, அண்ணே. நாளாகும்."