காலியான குழி

கேள்வி கேட்க வருகிறவர் முதலில் தோட்டத்தில் கையை மண்ணாக்க வேண்டும். அந்த மடத்தில் அப்படி ஒரு வழக்கம். அதற்குப் பிறகுதான் மடத்துத் தலைவியான அம்மை பதில் சொல்வார்.

அன்றைக்குப் பொன்னரசி வந்த வேகத்தில் இரும்புக் கதவு சுவரில் மோதித் திரும்பியது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருப்பவள் அவள். வாராவாரம் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் பாடம் கேட்க வருவாள். அம்மைக்கு அவளைவிட இரண்டு வயது குறைவு. ஆனாலும் வாய் நிறைய அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"மண்வெட்டி அங்க இருக்கு" என்றார் அம்மை.

"இன்னைக்கு வேணாம்மா. வயிறு எரியுது."

"எரியட்டும். போன வாரக் காத்துல ரெண்டு வாழை வேரோட சாஞ்சிருச்சு. குழியைத் தோண்டிக்கிட்டே பேசு."

பொன்னரசி ஓங்கி வெட்டினாள். மண் தெறித்தது.

"துவைக்கலாம்னு என் பையன் இளவழகன் சட்டையை எடுத்தேன். பையில சிகரெட்டு. அட்டை பென்சில் டப்பா மாதிரி பச்சையும் ரோஸுமா இருக்கு. நுனியில ஒரு மணி வச்சிருக்கானுங்க. கடிச்சா டப்புனு உடைஞ்சு புதினா மணக்குமாம். மிட்டாய் மாதிரிதாம்மாங்கிறான், ஏழாவது படிக்கிற பய."

"யார் கொடுத்தா?"

மண்வெட்டி நின்றது.

"என் கடையில எடுத்ததுதாம்மா."

அம்மை சாய்ந்த வாழையின் சருகை ஒதுக்கினார்.

"சிகரெட்டுக் கம்பெனித் தம்பி அக்கா அக்கான்னு வந்தான். கடைக்கு லைட்டுப் பெட்டி மாட்டிக் கொடுத்தான். மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்துல இதை அடுக்கினான். இவ்வளவு கீழ வச்சா பெரிய ஆளுங்க குனியணுமே தம்பின்னு நான்தான் கேட்டேன். சிரிச்சான். அவங்க குனிய மாட்டாங்கக்கா, இங்கயே இருக்கட்டும்னான். நானும் தினம் துடைச்சுத் துடைச்சு வச்சேன். அவன் என் பிள்ளை உயரத்தை அளந்துட்டுப் போயிருக்கான், இந்த மரமண்டைக்கு எட்டலை."

"அவன்கிட்ட கேட்டியா?"

"காலையில போன் போட்டு, வந்து எடுத்துட்டுப் போய்யான்னேன். பையனைக் கண்டிச்சு வளருங்கக்காங்கிறான். எனக்குச் சொல்றான், வளர்க்க."

மறுபடி வெட்டினாள். மூச்சு இரைத்தது.

"ஒண்ணு சொல்லுங்கம்மா. ஊர் பூரா வளர்ந்த ஆம்பளைங்க இருக்கானுங்க. சம்பாதிக்கிறானுங்க. அவனுங்ககிட்ட வித்துத் தொலையட்டும். பிள்ளைங்ககிட்ட அந்தப் பாவிங்களுக்கு என்ன வேலை?"

"குழி போதும். நடுறதுக்குக் கொண்டா."

பொன்னரசி வாழைப் புதர்ப் பக்கம் போய் முழங்கால் உயரத்தில் இரண்டு கன்று பேர்த்து வந்தாள். அம்மை அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"எதுக்கு இந்தப் பொடிசுங்க? அதோ தார் போட்ட மரம் நிக்குது. அதைத் தோண்டி வந்து நடு."

பொன்னரசிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நான் என்ன பேசிட்டிருக்கேன், நீங்க விளையாடுறீங்க. முத்தின மரத்தை மாத்தி வச்சா நிக்குமாம்மா? கன்னுதான் பிடிக்கும். இளசா இருந்தாத்தான் வேர் சட்டுனு இறங்கும். இறங்கிட்டா அப்புறம் நாமளே பிடுங்கினாலும் லேசுல வராது."

சொல்லி முடித்தவள் கையிலிருந்த கன்றைப் பார்த்தாள். அதன் குருத்து இன்னும் விரியவில்லை.

"உன் கடைக்கு டெய்லர் தாவீது சிகரெட்டு வாங்க வருவாரே, தினம்" என்றார் அம்மை.

"அவர் செத்து மூணு மாசமாச்சும்மா. நெஞ்சு அரிச்சுப் போச்சுன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். லாரி மாணிக்கம்?"

"அவரும் போயிட்டாரு." குரல் இறங்கிவிட்டது.

அம்மை அவள் கையிலிருந்து கன்றை வாங்கிக் குழிக்குள் நிறுத்தினார். சுற்றிலும் மண்ணைத் தள்ளிக் குதிகாலால் மிதித்தார். அழுத்தி, அழுத்தி மிதித்தார்.

"நம்ம தோட்டத்துல ரெண்டு மரம்தான் சாஞ்சது, பொன்னரசி. அந்தக் கம்பெனிக்காரன் தோட்டத்துல தினமும் சாயுது."

பொன்னரசி நிமிர்ந்தாள். பள்ளிக்கூடம் விடும் நேரம். கடையில் லைட்டுப் பெட்டி எரிந்துகொண்டிருக்கும்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள்.

அதை வைத்துவிட்டுப் போ என்று அம்மை சொல்லவில்லை.