துடைத்த துண்டு

"நீங்கள் காட்டுவதெல்லாம் என் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரிவதில்லை, அம்மா?"

கேட்டவன் திருமேனி. அவனுடைய குரு பொன்னாச்சி அவனைவிட வயதில் இளையவள்.

"உன் வாய் மூடினால் கண் திறக்குமோ என்னவோ" என்று சொல்லிப் பரிசலை ஏரிக்குள் தள்ளினாள்.

அக்கரைக் காட்டில் ஒரு பாறை இருப்பதாகவும், அதில் செங்காவியால் வரைந்த மனிதர்கள் இருப்பதாகவும் போகும்போது சொன்னாள். வரைந்தவர்களின் வழிவந்தவர்கள் மேற்குக் கரையில் வாழ்கிறார்கள். பிள்ளை பிறந்தால் அந்தப் பாறைக்குத் தூக்கிவந்து, இவர்கள்தான் உன் ஆட்கள் என்று ஒவ்வொருவராகக் காட்டுவார்கள்.

தொடாதே என்றும் சொன்னாள்.

தொடாமல் எதைத் தெரிந்துகொள்ள முடியும், இது என்ன நியாயம் என்று கரை சேரும்வரை அவன் வாதாடினான்.

பரிசலைக் கட்ட அவள் பின்தங்கினாள். அவன் முன்னால் போனான்.

பாறையில் மங்கலாக ஏதோ சிவப்பு. அவ்வளவுதான்.

இதற்கா இவ்வளவு தூரம்?

கையிலிருந்த பாட்டிலைத் திறந்து பாறைமேல் தண்ணீரை வீசினான்.

ஈரம் பரவ, மனிதர்கள் எழுந்து வந்தார்கள். கைகோத்து ஆடும் ஒரு வரிசை. கடைசியில் ஒரு தாய். அவள் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பிள்ளை.

பிள்ளையின் முகம் மட்டும் தெளியவில்லை. தோளில் கிடந்த துண்டின் நுனியால் லேசாகத் துடைத்தான்.

துண்டு சிவந்தது.

தாயின் கை அப்படியே நீண்டிருந்தது. பிடித்திருந்த பிள்ளை இல்லை.

திரும்பினான். பின்னால் பொன்னாச்சி நின்றிருந்தாள்.

எத்தனை மழை பார்த்த பாறை, எப்படியும் ஒருநாள் உதிரத்தானே போகிறது, நான் கெடுக்கவா நினைத்தேன், பார்க்கத்தானே நினைத்தேன் என்று அடுக்கிக்கொண்டே போனான். அவள் மறுக்கவில்லை. அதனாலேயே அவன் குரல் தேய்ந்து நின்றது.

ஏரியில் துடுப்புச் சத்தம். மேற்கிலிருந்து ஒரு பரிசல். அதில் சிரிப்பும் பேச்சும். நடுவே ஒரு கைக்குழந்தையின் அழுகை.

போய்விடலாம் என்று அவன் கெஞ்சினான்.

"போ. பரிசல் அங்கேதான் இருக்கிறது."

அவன் போகவில்லை. துண்டை முதுகுக்குப் பின்னால் சுருட்டிக்கொண்டான்.

"நீங்கள் சொல்லுங்கள், அம்மா. உங்களை அவர்களுக்குத் தெரியும்."

"துடைத்தது நான் இல்லையே."

பரிசல் தரை தட்டியது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் தண்ணீரில் இறங்கினாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"சொன்னால் என்ன ஆகும்?" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"அது தெரியாமல்தான் சொல்லவேண்டும்" என்றாள் பொன்னாச்சி.