படித்துறையில் வாய் திறந்தவர்கள்

"அம்மா, நான் பொய்யன்" என்றார் அரியநாயகம்.

கோமதியம்மா முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன பொய்?"

"பீடியை விட்டுட்டேன்னு சொன்னேன்லா. விடலை."

அரியநாயகம் டவுன் பஸ் டிரைவர். ஐம்பத்தாறு வயது. அதில் முப்பத்தைந்து வருடம் பீடியோடு போனது. கோமதியம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆற்றங்கரை மடத்தில் காவி கட்டித் தனியாக இருந்தார். மனசு சரியில்லாதவர்கள் அவரிடம் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

சித்திரை மாதம் அரியநாயகம் அங்கே வந்தபோது கோமதியம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். "விட்டுருங்க."

விட்டார். நாற்பது நாள்.

நாற்பதாம் நாள் டெப்போவில் கூட்டம் போட்டார்கள். கண்டக்டர் வெள்ளப்பாண்டி மைக்கில் பேசினான். சால்வை போர்த்தினார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி செண்பகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாற்பத்துமூன்றாம் நாள் வண்டி வழியில் நின்றுபோனது. உச்சி வெயில். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு பீடியை நீட்டினார்.

"இப்ப ஒரு நாளைக்கு எத்தனை?" என்றார் கோமதியம்மா.

"எட்டு."

"எங்க வச்சுக் குடிக்கீங்க?"

"டெப்போ கக்கூஸுக்குப் பின்னால. அதுக்குன்னே ஒரு பழைய சட்டை வச்சிருக்கேன். குடிக்கும்போது அதைப் போட்டுக்கிடுவேன். அப்புறம் கழட்டிச் சுருட்டி வச்சிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, ஏலக்காய் மெல்லுவேன்."

கோமதியம்மாவின் கை நின்றது.

"நேத்து செண்பகம் என் சட்டையை மோந்து பாத்துட்டு, 'இப்பத்தான் மனுஷ வாடை வருது'ன்னா. நான் சிரிச்சேம்மா. எப்படித்தான் சிரிச்சேனோ."

அரியநாயகமே கேட்டார். "ஏதாவது மந்திரம் சொல்லுங்கம்மா."

"எனக்கு மந்திரம் தெரியாது."

"விரதம்?"

"நாளைக்குக் காலம்பற ஆறு மணிக்குப் படித்துறைக்கு வாங்க."

மறுநாள் போனார். குளிக்கிறவர்களும் துவைக்கிறவர்களுமாகப் படித்துறை நிறைந்திருந்தது. கடைசிப் படியில் கீரைக்காரி முப்பிடாதி கீரைக்கட்டுகளைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

கோமதியம்மா நேராக அவள் முன்னால் போய் நின்றார்.

"ஆ காட்டு" என்றாள் முப்பிடாதி.

ஊரே கும்பிடுகிற கோமதியம்மா வாயைத் திறந்தார்.

முப்பிடாதி ஈரக்கையால் அவர் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினாள். நாக்கைத் தூக்கச் சொன்னாள். இரண்டு கன்னத்தையும் விரலால் விலக்கிப் பார்த்தாள். மோந்தாள்.

"ம். போ."

அரியநாயகத்தால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. ஆற்றைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"கூலிக்குப் பீடி சுத்தின காலத்துல வாயில புகையிலை அடக்கப் பழகினேன். பதினெட்டு வருஷம். காவி கட்டின பிறகும் விடலை. யாருக்கும் தெரியாது."

"இப்ப?"

"இப்ப இவளுக்குத் தெரியும்."

"அதை மடத்துக்குள்ள வச்சுக் காட்டப்படாதா? இத்தனை பேரு முன்னால..."

பதில் முப்பிடாதியிடமிருந்து வந்தது. "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், மானஸ்தர். வாயில புண்ணு. கேட்டா பல்வலின்னாரு. ஆறு மாசம் எனக்கு வாயைத் திறந்து காட்டலை. காட்டினப்போ இந்தப் பக்கம் கன்னம் இல்ல."

கீரைக்கட்டை உதறிக் கூடையில் வைத்தாள்.

"நீரும் வந்து ஊதும்."

அரியநாயகம் ஒரு படி பின்னால் ஏறினார். விடியற்காலையில் கொல்லைப்புறம் போய் ஒன்று குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

துவைக்கிற சத்தம் நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். இனிமேல் ஓடினாலும் தெரிந்துபோகும்.

இறங்கி வந்து ஊதினார்.

"பீடி" என்றாள் முப்பிடாதி. அவளுக்குத் தெருவில் கூவி விற்ற தொண்டை. "மேல ஏலக்காய்."

ஒரு பெண் சிரித்துவிட்டாள். தினமும் அவர் பஸ்ஸில் வருகிற ஒரு வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டைப் பிழிந்தார். சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

"இதுக்கா வரச் சொன்னீங்க?" என்றார் கோமதியம்மாவிடம். பதிலுக்கு நிற்கவில்லை.

மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. படித்துறை வழியாக வண்டி ஓட்டும்போது ரோட்டை மட்டும் பார்த்தார். அந்த மூன்று நாளும் பீடி எட்டிலிருந்து பன்னிரண்டாக ஏறியது.

நான்காம் நாள் காலை முதல் டிரிப். இன்னும் யாரும் ஏறவில்லை. வெள்ளப்பாண்டி டிக்கெட் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளப்பாண்டி."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"நான் குடிக்கேன்டே."

"என்னத்தை?"

"பீடிதான். ஒரு மாசமா. நீ மைக்குல பேசினியே, அதுக்கு மூணாவது நாள்லயிருந்து."

வெள்ளப்பாண்டி டிக்கெட் கட்டைப் பைக்குள் போட்டான்.

"எங்கப்பாகிட்ட சண்டை போட்டேன் அண்ணாச்சி" என்றான். "'அரியநாயகம் அண்ணாச்சி விட்டாருல்லா, உங்களுக்கு என்ன கேடு'ன்னு கேட்டேன். அவரு அன்னைக்கே பீடிக்கட்டைத் தூக்கி அடுப்புல போட்டாரு. இன்னும் தொடலை."

அரியநாயகம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸை விட்டு இறங்கி எங்கேயாவது நடந்துவிடலாமா என்றிருந்தது. ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள்.

அந்த டிரிப் முழுக்க விசில் மட்டும்தான் கேட்டது. "ரைட் அண்ணாச்சி" இல்லை.

கடைசி ஸ்டாப்பில் ஆட்கள் இறங்கியபின் வெள்ளப்பாண்டி முன்பக்கம் வந்து நின்றான்.

"எப்பெப்ப வரும்?"

"எது?"

"குடிக்கணும்னு."

"வண்டி நின்னதும் வரும். டீ குடிச்சா கட்டாயம் வரும்."

"அப்ப டீ கிடையாது, மோரு. வண்டி நின்னதும் என்கூட இறங்குங்க. சுத்தி வந்து ஆறு டயரையும் தட்டிப் பாப்போம். அதுக்குள்ள அடங்காட்டி இன்னொரு சுத்து."

"எதுக்குன்னு பாக்கிறவன் கேப்பானே?"

"கேக்கட்டும்."

முதல் நாள் நான்கு சுற்று சுற்றினார்கள்.

அன்று சாயங்காலம் அந்தப் பழைய சட்டையை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனார். செண்பகத்தின் கையில் கொடுத்தார். அவள் முகர்ந்தாள். சட்டையை நாலாகக் கிழித்து அடுப்படியில் கரித்துணியாகப் போட்டாள்.

இரண்டு நாள் பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள்.

மூன்றாம் நாள் அவர் வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப்பையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். வறுத்த கடலை.

"வாய் சும்மா இருந்தாத்தானே கேக்கும்" என்றாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் மறுபடியும் படித்துறைக்குப் போனார். கோமதியம்மாவுக்கு அடுத்து நின்று ஊதினார்.

"கடலை" என்றாள் முப்பிடாதி.

அதிலிருந்து தினமும் போனார். பன்னிரண்டாம் நாள் மறுபடியும் "பீடி" என்றாள். ஒரு துக்க வீட்டில் யாரோ கொடுத்தது. மறுநாள் வராமல் இருந்துவிடலாம் என்று படுக்கையிலேயே கிடந்தார். செண்பகம் கதவருகே துண்டோடு நின்றாள். எழுந்து போனார்.

ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தது. ஆவணி போனது. எத்தனை நாள் ஆனது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஆறு செந்நிறமாகி மூன்று படி மேலே ஏறியிருந்தது. ஒரு நாள் காலையில் கோமதியம்மா தாமதமாக வந்தார். முப்பிடாதியின் முன்னால் நின்றார்.

"ஆ காட்டு."

அவர் வாயைத் திறக்கவில்லை.

முப்பிடாதி கையில் கீரையோடு காத்திருந்தாள். தண்ணீர் படியில் மோதிக்கொண்டே இருந்தது. சுற்றிலும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கோமதியம்மா தலையைக் குனிந்துகொண்டார். காது வரைக்கும் சிவந்திருந்தது.

மேல்படியில் தலை துவட்டிக்கொண்டிருந்த அரியநாயகம் துண்டை இறக்கினார்.

"எப்பம்மா?"

கோமதியம்மா குனிந்தபடியே சொன்னார்.

"நேத்து சாயங்காலம். அஞ்சு நாளா மழை. மடத்துக்கு ஒருத்தரும் வரலை. பரண்ல ஒரு பழைய புகையிலைப் பொட்டலம் கிடந்தது. தூக்கிப் போட்டுட்டேன்னு உங்ககிட்டக்கூடச் சொல்லியிருக்கேன்."

"சாயங்காலம் ஆறு பத்துக்கு என் வண்டி மடத்து வழியாத்தான் போகும். ஹாரன் அடிக்கேன். வாசலுக்கு வந்து நில்லுங்க."

"மழை பெஞ்சா?"

"குடையோட நில்லுங்க."

கோமதியம்மா ஒரு படி ஏறினார். அங்கேயே நின்றார்.

"உங்களுக்கு லீவு நாள் வருமே?"

"வெள்ளப்பாண்டிகிட்ட சொல்லுதேன். அன்னைக்கு யாரு ஓட்டினாலும் அவன் அடிக்கச் சொல்லுவான்."

கோமதியம்மா காவித் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டார். அதற்குள்ளிருந்து குரல் மெலிதாக வந்தது.

"கண்டக்டருக்கும் தெரியணுமா அண்ணாச்சி?"

அரியநாயகம் படியில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"தெரியட்டும்மா."