செம்பி விட்ட மூச்சு

கரட்டுமலை அடிவாரத்து மடத்தில் செம்பி என்றொரு பெண்குதிரை இருந்தது. அந்த மலைப்பாதையில் வண்டி ஏறாது. மேலே யாருக்கு என்ன அவசரம் என்றாலும் செம்பிதான் போகவேண்டும். அவள் எதிரே வந்தால் சனங்கள் சாமியைக் கண்டதுபோல் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

மடத்தை நடத்திவந்தவர் வடிவாம்பாள் அம்மையார். அவருடைய சீடர் சிவக்கொழுந்து, வயதில் அவரைவிட மூத்தவர். ஒரே மகளை மலைமேல் கட்டிக்கொடுத்துவிட்டு மடமே கதி என்று வந்தவர். குரு அவரை “ஐயா” என்பார். அவர் குருவை “தாயே” என்பார். செம்பிக்குப் புல் போடுவதும் உடம்பு தேய்த்துவிடுவதும் அவர் வேலை.

அன்று விடிந்ததும் மருமகன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“மாமா, தெய்வானைக்கு வலி எடுத்துருச்சு. பிள்ளை இறங்கமாட்டேங்குது. குப்பாயி அக்காவைக் கையோட கூட்டிட்டு வாங்க. வீட்டுல தெய்வானையைத் தனியா விட்டுட்டு வந்திருக்கேன்.”

சொன்னவன் வந்த வழியே ஓடிப்போனான்.

குப்பாயி மடத்துக்குப் பக்கத்து வீட்டு மருத்துவச்சி. எத்தனையோ பிள்ளைகளை இந்த மண்ணில் இறக்கிவைத்த கை. ஆனால் முழங்கால் வீங்கிக் கிடந்தது. செம்பிமேல் உட்காரவைத்துத்தான் மலையேற்ற வேண்டும்.

சிவக்கொழுந்து கொட்டிலுக்கு ஓடினார். “என் தங்கமே, ராசாத்தி, வாடா” என்று சிரித்தபடி சேணத்தைத் தூக்கிப் போட்டார். செம்பி காதுகளைப் பின்னால் மடக்கி, மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டாள். அவர் வயிற்று வாரை ஒரே இழுப்பாக இழுத்து இறுக்கிக் கட்டினார்.

நொண்டிக்கொண்டே வந்து குப்பாயி ஏறி உட்கார்ந்தாள். வாசலைத் தாண்டவில்லை. சேணம் அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தது. குப்பாயி வைக்கோல் போரில் போய் விழுந்தாள்.

“இறங்குன்னு சொல்லியிருந்தா நானே இறங்கியிருப்பேனே கொழுந்தண்ணே!” என்றாள், தலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிக்கொண்டே.

மறுபடியும் கட்டினார். செம்பி மறுபடியும் வயிற்றை உப்பிக்கொண்டாள். கட்டிமுடித்ததும் மூச்சை விட்டாள். வார் தொளதொளவென்று தொங்கியது. கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார். நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டாள்.

“தினமும் உனக்குப் புல் போடுற கைதானே இது? இன்னைக்கா பார்த்து அடம் பிடிக்கிறே?”

அடிக்கக் கை ஓங்கியபோது வடிவாம்பாள் வந்து நின்றார். ஓங்கிய கை தானாகக் கீழே இறங்கியது.

“தாயே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க பேச்சைக் கேட்பா.”

குரு குதிரையின் பக்கம் திரும்பவே இல்லை.

“பயமா இருக்கா ஐயா?”

“எனக்கென்ன பயம் தாயே? கடவுள் இருக்கார்.”

“கடவுள் இருக்கட்டும். நான் உங்களைக் கேட்டேன்.”

“பயமெல்லாம் இல்லை” என்று சிரித்தார். செம்பி ஓரடி பின்னால் போனாள்.

குரு அவர் முகத்தையே பார்த்தார்.

சிவக்கொழுந்தின் உதடு கோணியது. சேணத்தின்மேல் நெற்றியைச் சாய்த்தார்.

“தெய்வானையைப் பெத்துப் போட்டுட்டுத்தான் தாயே அவ அம்மா கண்ணை மூடினா. அன்னைக்கும் இப்படித்தான் பிள்ளை இறங்கலைன்னாங்க. நான் வாசல்ல நின்னுகிட்டு, ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாருக்கும் தைரியம் சொன்னேன். பயமாத்தான் இருக்கு. கை காலெல்லாம் ஆடுது.”

அடக்கி வைத்திருந்த மூச்சு அழுகையோடு சேர்ந்து வெளியே வந்தது. அவர் கன்னத்துக்குக் கீழே செம்பியின் விலாவும் மெல்ல இறங்கியது. நீளமாக ஒரு மூச்சு விட்டாள். தலையைத் தாழ்த்திச் சப்புக்கொட்டினாள்.

“இப்ப கட்டுங்க” என்றார் குரு.

வார் இன்னும் இரண்டு துளை உள்ளே போனது.

பாதை நெடுக அவர் அழுதார். செம்பி அவர் தோளில் மூக்கு உரச உரசப் பின்னால் நடந்தாள்.

“அழுங்க அண்ணே, வேண்டாம்னு சொல்லலை. நடந்துகிட்டே அழுங்க” என்றாள் மேலே உட்கார்ந்திருந்த குப்பாயி.

உச்சிவேளைக்குப் பெண்குழந்தை பிறந்தது. தெய்வானை கண்ணைத் திறந்து, “அப்பா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாள். அவர் அந்த இடத்திலேயே மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

சாயங்காலம் மடத்துக்குத் திரும்பியதும் முதல் வேலையாகச் செம்பியின் குளம்புகளைக் கழுவினார். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வெல்லக் கட்டியை நீட்டினார். அவள் உள்ளங்கை வரை நக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு குருவிடம் போனார்.

“தாயும் பிள்ளையும் சுகம் தாயே. உங்களுக்கும் செம்பிக்கும் நான் என்ன கைம்மாறு செய்யப்போறேன்!”

குரு கைகூப்பி மலையைப் பார்த்தார். “நல்லா இருக்கட்டும்.”

சிவக்கொழுந்து போகாமல் நின்றார்.

“இன்னும் என்ன ஐயா?”

“ஒண்ணு மட்டும் புரியலை தாயே. போய்ச் சேர்ற வரைக்கும் நடுங்கிக்கிட்டேதான் நடந்தேன். பயம் குறையவே இல்லை. காலையில வராதவ அப்புறம் எப்படி வந்தா?”

“காலையில கொட்டில்ல நீங்க ரெண்டு பேரா நின்னீங்க ஐயா. ஒருத்தர் சிரிச்சார். இன்னொருத்தர் நடுங்கினார். யார் பின்னால போறதுன்னு அவளுக்குத் தெரியலை.”