மரநாய் மேல் சோற்று வாசனை

மனிதரும் விலங்கும் ஒரே பேச்சில் வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மரநாய்க்கென்று தனியாக ஒரு வாசனை கிடையாது. காலடிச் சத்தமும் கிடையாது. பட்டப்பகலில் கூரை வழியாக இறங்கி, வேண்டியதைத் தின்றுவிட்டுப் போகும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

மலையடிவாரத்தில் ஈச்சங்கரடு என்று ஒரு ஊர். இரண்டு வருஷமாக அங்கே மழை இல்லை. மிச்சமிருந்த விதைநெல்லை ஊரார் ஒன்றாகச் சேர்த்து, ஒச்சாயி வீட்டுப் பரணில் இருந்த மண்குலுக்கையில் கொட்டி வைத்தார்கள். ஒச்சாயி தனிக்கட்டை. புருஷன் செத்து நாலு வருஷம். ஒழுகாத கூரை அவளுடையது. அதைவிட, அவள் கை சுத்தம் என்பது ஊருக்கே தெரியும். பசித்தால் கரட்டில் கிழங்கு தோண்டித் தின்றாளே தவிர, குலுக்கையின் மூடியை அவள் தொட்டதில்லை.

ஆடி பிறந்து மேற்கே மேகம் கூடியதும் நாட்டாமை மொக்கையன் நாலு பேரோடு வந்து பரணில் ஏறினார். மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குலுக்கையின் கழுத்துவரை இருந்த நெல் பாதிக்கு இறங்கியிருந்தது.

"என்ன ஒச்சாயி இது?"

 அவள் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தாள். கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்தாள். இல்லைதான்.

கீழே நின்ற பெருமாயி, ஒச்சாயியின் புருஷனுக்கு அண்ணன் பொண்டாட்டி, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு சொன்னாள். "சாத்தின வீட்டுக்குள்ள இருந்த நெல்லு தானா எந்திரிச்சு நடந்து போயிருச்சாக்கும்."

"மதினி, நான் ஒரு மணி தொட்டிருந்தாலும் இந்தக் கை அழுகிப் போகட்டும்."

"உன் கை அழுகுனா எனக்கென்ன? எம் புள்ளைக எதை வெதச்சுத் திங்கும்?"

மொக்கையன் ஏணியை விட்டு இறங்கினார். ஒச்சாயியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. "எட்டு நாள்ல விதைப்பு. அதுக்குள்ள திருடனைக் கொண்டாந்து நிறுத்து. இல்லைன்னா ஊரைத் தாண்டிப் போயிரு. உன் புருஷன் நல்லவன். அவனுக்காகத்தான் இந்த எட்டு நாளும்."

"கொண்டாந்து நிறுத்துறேன் மாமா" என்றாள் ஒச்சாயி. அழவில்லை.

மறுநாள் ஊரே கண்மாயில் மண் எடுக்கப் போனது. அவளும் கூடையோடு தெருக்கோடிவரை போனாள். பிறகு பின்பக்கமாகத் திரும்பி வந்து, பரணில் சாக்கைப் போர்த்திப் படுத்துக்கொண்டாள். வெயில் ஏறியதும் கூரை ஓலை விலகியது. நீள வாலும் கறுத்த மூஞ்சியுமாக ஒன்று, சொந்த வீட்டில் நடமாடுவதுபோல நிதானமாக இறங்கி வந்தது.

"யாரு நீ?" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

மரநாய் பதறவில்லை. "உன் வீட்டுலதான் குடியிருக்கேன். கூரைக்குள்ள மூணு குட்டி போட்டிருக்கேன். நீ பார்த்ததில்லை, அவ்வளவுதான்."

"இது ஊர் நெல்லு. விதைநெல்லு."

"காட்டுல ஒரு அத்திப்பழம் கிடையாது. நான் எங்க போவேன்?"

"எங்கயும் போ. போறதுக்கு முன்னாடி ஊர்ல வந்து, நான்தான் தின்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

மரநாய் சிரித்தது. "என்னை யாரு பார்த்தா? வேட்டை நாய்க்கே நான் பக்கத்துல இருக்கிறது தெரியாது. நீ சொன்னா எவ நம்புவா?"

ஒச்சாயி பாய்ந்தாள். அது எண்ணெய் தடவியதுபோல நழுவி ஓலைக்குள் புகுந்துகொண்டது.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு வேலை இல்லை. கூரையைச் சுற்றி இலந்தை முள் செருகினாள். அது வேப்பமரத்திலிருந்து முள்ளைத் தாண்டிக் குதித்தது. வேப்பங்கிளையை வெட்டிப் போட்டாள். சுவரேறி வந்தது. குலுக்கை மூடியின்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். அடியில் நெல் எடுக்கும் துளையின் அடைப்பைப் பிடுங்கிவிட்டு, சரிந்த நெல்லைத் தின்றது. உள்ளங்கையெல்லாம் முள் கீறல். தெருவில் தண்ணீருக்குப் போனால் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகி நின்றார்கள். ஐந்து நாள் போய்விட்டது.

ஆறாம் நாள் அவள் ஒரு பிடி அரிசியைக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஆவி மேலே போனது. கூரை மோட்டு ஓலைக்கு நடுவிலிருந்து ஒரு மூக்கு மெல்ல வெளியே வந்தது.

"என்ன அது?"

"சோறு."

"பச்சை நெல்லு வாயெல்லாம் குத்துது. இது குத்துமா?"

"குத்தாது" என்றாள் ஒச்சாயி.  தலையைக் குனிந்து கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

மிச்சம் பிடித்து அவள் வைத்திருந்தது இரண்டு படி பழைய அரிசி. அறுப்பு வரும்வரை அதுதான் அவள் உயிர். ஏழாம் நாள் காலையில் அவ்வளவையும் ஒரே தடவையில் கழுவி, கல்யாணச் சீராக வந்த வெண்கலப் பானையில் குழையக் குழைய வேகவைத்தாள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், பானையை மூச்சுப் பிடித்துப் பரணில் ஏற்றினாள். குலுக்கைக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்.

மரநாய் வந்தது. நாலு பக்கமும் பார்த்தது. மூக்கை நீட்டியது, ஒரு வாய் நக்கியது. முன்காலை விட்டது. அப்புறம் அதற்குக் கண் மண் தெரியவில்லை. முழு உடம்பும் பானைக்குள் இறங்கிவிட்டது.

ஒச்சாயி பரண் பலகை ஒன்றைத் தூக்கிப் பானை வாயில் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

உள்ளே ஒரே களேபரம். அவள் ஊரைக் கூப்பிட்டுக் கத்தினாள். எல்லாரும் மண் வேலைக்குப் போயிருந்த கண்மாய் தூரத்தில் இருந்தது. யார் காதிலும் விழவில்லை. எழுந்து போய்க் கூப்பிடவும் முடியாது. சாயங்காலம்வரை உட்கார்ந்தே தீர வேண்டும்.

"விடு தாயி, இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றது மரநாய்.

"ஊர் வரட்டும்."

"தேனடை இருக்கிற பாறை எனக்குத் தெரியும். காட்டித் தர்றேன்."

"ஊர் வரட்டும்."

பலகையில் ஒரு விரிசல் இருந்தது. அதன் வழியாக நகத்தை நீட்டி அவள் தொடையைக் கிழித்தது. ரத்தம் பலகையில் வழிந்தது. ஒச்சாயி பல்லைக் கடித்துக்கொண்டு, முந்தானையைச் சுருட்டி விரிசலில் அடைத்தாள். வெயில் சாய்ந்தது. கால் இரண்டும் மரத்துப் போயின. தலை சுற்றியது. விழுந்தாலும் பலகையோடுதான் விழுவேன் என்று குலுக்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பொழுது இறங்கி ஆட்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, அவளிடம் பாதிக் குரல்தான் மிச்சம் இருந்தது. பெருமாயிதான் முதலில் ஓடி வந்தாள். ரத்தத்தைப் பார்த்ததும் ஏணியிலேயே நின்றுவிட்டாள். "அடியே, என்னத்துமேல உக்காந்திருக்க?"

"திருடன் மேல, மதினி."

பானையைக் கீழே இறக்கிப் பலகையை விலக்கினார்கள். மீசையிலும் மயிரிலும் சோறும் கஞ்சியும் ஒட்ட, மரநாய் வெளியே வந்து விழுந்தது. சுற்றிலும் ஊர். ஓட வழியில்லை.

"யாரு நெல்லைத் தின்னது?" என்று கேட்டார் மொக்கையன்.

மரநாய் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. பகல் முழுக்கப் பால் இல்லாத குட்டிகள் கூரைக்குள் கீச்சிட்டன. அதைக் கேட்டதும் அது தலையைத் தூக்கியது. "நான்தான். இவ ஒரு மணி தொடலை."

மொக்கையன் கம்பை ஓங்கினார். ஒச்சாயி நொண்டிக்கொண்டே குறுக்கே வந்தாள். "வேண்டாம் மாமா. திருடனைக் கொண்டாந்து நிறுத்தச் சொன்னீக, நிறுத்திட்டேன். கொல்லச் சொல்லலை." பிறகு மரநாயிடம் திரும்பினாள். "குட்டியைத் தூக்கிக்கிட்டு இப்பவே கிளம்பு. இனிமே பகல்ல மனுசர் கண்ணுல படாத. பட்டா நான் குறுக்க வரமாட்டேன்."

மரநாய் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு இருட்டுக்குள் போனது. கம்பைக் கீழே போட்ட மொக்கையன் ஒச்சாயியைப் பார்க்கக் கூசி நின்றார். பெருமாயி மஞ்சளை அரைத்து வந்து காயத்தில் வைத்துக் கட்டினாள்.  விதைப்பன்று மிச்ச நெல் எல்லோருக்கும் எட்டாது என்று ஒச்சாயி தன் பங்கை வாங்கவில்லை. பெருமாயி தன் பங்கில் பாதியைக் கொண்டுபோய் ஒச்சாயியின் வயலில் தானே விதைத்துவிட்டு வந்தாள்.

காட்டுக்குப் போன மரநாய் ஓடையில் குளித்துப் பார்த்தது, பாறையில் உரசிப் பார்த்தது, மண்ணில் புரண்டு பார்த்தது. பகலெல்லாம் ஆவியில் ஊறிய அந்த வாசனை போகவே இல்லை. பால் குடித்த குட்டிகளுக்கும் அது தொற்றிக்கொண்டது.

அன்றைக்குத் தொடங்கியதுதான் மரநாய் இருட்டிய பிறகு நடமாடுவதும், அது போகும் வழியெல்லாம் சோறு வேகிற வாசனை வருவதும், அடுப்பெரியாத நேரத்தில் அந்த வாசனை வந்தால் மலையடிவாரத்துப் பெண்கள் எழுந்து போய் நெல்குலுக்கை மூடியை இறுக்கிச் சாத்துவதும்.