பொன்னாடை வேண்டாத கௌதாரி

பிள்ளைகளே, இந்தக் கதையை எங்காவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் அதிகம் படிக்காதவள். நடந்ததை நடந்தபடியே சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு காட்டில் ஒளிந்து வாழும் கலைக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. பள்ளியை முடித்த சிறு பிராணிகள் அங்கே மேற்படிப்புப் படித்தன. ஒருநாள் அதற்கு நரி முதல்வராக வந்தது.

"பயப்படாதீர்கள். நானும் என் நண்பர் உடும்பும் இப்போது கிழங்குதான் தின்கிறோம்" என்றது.

வந்த மாதமே, சாதனை செய்த முன்னாள் மாணவர்களுக்குப் பாராட்டு விழா என்று அறிவித்தது. ஏழு வாசல் வைத்து வளை தோண்டிய வெள்ளெலிக்கும், ஐந்து ஆண்டுகளாக ஒரு முட்டையைக்கூடப் பறிகொடுக்காத கௌதாரிக்கும் அழைப்பு வந்தது.

"சாதனையைப் பற்றி விவரமாக ஒரு குறிப்பு எழுதித் தாருங்கள். மேடையில் வாசிக்க வேண்டும்" என்றது நரி.

வெள்ளெலி இரண்டு இலை நிறைய எழுதிக் கொடுத்தது. கௌதாரியோ பிழை வந்துவிடுமோ என்று பயந்து எழுதவே இல்லை.

"என்ன கௌதாரி அக்கா, பொன்னாடை மட்டும் வேண்டும், எழுதக் கை வலிக்கிறதா?" என்று வெள்ளெலி கேலி செய்தது.

விழா தொடங்கியது. சிறப்பு விருந்தினர் உடும்பு. பூவரச இலைகளைத் தைத்துச் செய்த பொன்னாடையை வெள்ளெலிக்குப் போர்த்திவிட்டு, நரி உரக்க வாசித்தது.

"நம் வெள்ளெலியின் வளையில் ஆறு வாசல்கள் வெறும் ஏமாற்று. ஏழாவது வாசல் கற்றாழைக்குப் பின்னால், புற்றை ஒட்டி இருக்கிறது. அதில் நுழைந்தால் நேரே குட்டிகள் தூங்கும் அறை!"

எல்லாரும் கைதட்டினார்கள். உடும்பு மட்டும் தட்டவில்லை. நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டு எழுந்தது.

"மன்னிக்க வேண்டும். எனக்கு இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது."

"எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்" என்று நரி அதன் காதோடு சொன்னது. பக்கத்தில் நின்ற கௌதாரிக்கு அது கேட்டுவிட்டது.

"ஓடு! உடும்பு உன் வீட்டுக்குத்தான் போகிறது" என்று வெள்ளெலியிடம் முணுமுணுத்தது.

வெள்ளெலி பொன்னாடை தரையில் இழுபட ஓடியது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அடுத்து நம் கௌதாரி!" நரி பொன்னாடையை விரித்தது. "குறிப்பு இல்லாவிட்டால் என்ன? நீங்களே சொல்லுங்கள் அம்மா. முட்டைகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

எல்லாரும் கௌதாரியையே பார்த்தார்கள். இலைப் பொன்னாடை வெயிலில் மின்னியது. கௌதாரி சிறகுகளைக் கூப்பியது.

"ஐயா, நீங்கள் ஆள் மாறி அழைத்துவிட்டீர்கள். நான் கடைசிப் பரீட்சையில் தேறவே இல்லை. இந்த ஆண்டு முட்டைகளும் போய்விட்டன."

"தோற்றவளுக்கா மேடை? இறங்கு, இறங்கு!" என்று கூட்டம் சிரித்தது. நரி பொன்னாடையைச் சுருட்டிக்கொண்டது.

கௌதாரி தலை குனிந்தபடி இறங்கியது. நேர் வழியில் போகாமல் காட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தது. யாராவது பின்னால் வருகிறார்களா என்று மூன்று முறை திரும்பிப் பார்த்தபின், தன் ஒன்பது முட்டைகளின் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொண்டது.

நீதி: வீட்டின் ரகசிய வாசலைச் சொன்னால்தான் கிடைக்கும் என்றால், அந்தப் பாராட்டு நமக்கு வேண்டாம்.